உரியவர் இல்லாத டிரைவர்

மார்ச் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். வேறு தாள் எடுத்திருக்கலாம். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எடுக்கவில்லை.

நாம் பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. சமாதானம் பேச இதை எழுதவில்லை. என் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதும் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுது.

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாய். "இனி என்னால முடியாதுன்னு சொன்னியா இல்லையா? அத்தானை ஏதோ ஒரு இல்லத்துல கொண்டுபோய்த் தள்ளப் பாக்குறியா இல்லையா?" என்று கேட்டாய். சொன்னேன்தான். அன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன், பராமரிப்பு இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதா என்று போனில் விசாரித்தபோது, அழுகையோடு சேர்ந்து வந்த வார்த்தை அது. அப்போது அந்த அறையில் இருந்தது நானும் உன் அத்தானும்தான். பிறகு, அவர் பாட்டுக் கேட்கட்டும் என்று நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அந்தக் கணினி. கையும் காலும் வாயும் நின்றுபோய், ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண் இமைக்கிற மனிதர் உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க முடியாது. மிச்சம் இருப்பது கணினிதான். என் வீட்டிலேயே என்னை ஒட்டுக்கேட்கிறாய் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான் இருபது வருடமாக ஸ்டோர் பார்க்கிறவள். எந்த அலமாரியைத் திறந்தாலும் எந்தச் சாமான் எந்த இயந்திரத்துக்கு என்று சீட்டு இருக்கும். சீட்டில்லாத சாமானை நான் வைத்திருக்க மாட்டேன். மறுநாள் ஆபீசில் கணினி பார்க்கிற அம்மாவிடம் வழி கேட்டு, உன் கணினியில் இருந்த டிரைவர் என்கிற நிரல்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். எதிரே எந்தக் கருவிக்கு என்று எழுதினேன். பிரிண்டர், ஸ்பீக்கர், கேமரா என்று எல்லாவற்றுக்கும் உரியவர்கள் கிடைத்தார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதை நீ நிறுவிய தேதியும் அதில் இருந்தது. நீ வந்துவிட்டுப் போன வாரம்.

இப்போது கணினி நத்தை வேகத்தில் ஓடுகிறது என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அந்தப் பழைய தாளை எடுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இது ஒட்டுக்கேக்குற சமாச்சாரம் இல்லைங்க. ஏதோ கையில புடிக்கிற கருவியோட டிரைவர். யார் போட்டாங்களோ அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது எந்தக் கருவி? அதை மட்டும் எழுது.

உன் அத்தான் உயிரோடு இருக்கிறார். இப்போதெல்லாம் பாதி நாள் கேள்வி கேட்டால் இமைப்பதுகூட இல்லை. நோயின் போக்கு அப்படித்தான் என்கிறார் டாக்டர்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

அடித்த 'அன்புள்ள'வை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். நன்றி.

கிடங்கில் பார்கோடு இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு அறைக்கு வந்தால், கதவடியில் உன் கையெழுத்து. பிரிக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். அத்தானுக்கு ஏதாவது ஆகி, அதைச் சொல்லத்தான் எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

ஒட்டுக்கேட்டேனாம். உன் வீட்டில் ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது? குக்கர் விசில் சத்தமா? உனக்கு இவ்வளவு கேவலமாகத் தெரிந்திருக்கிறேன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நீ போனை வைத்தது கத்தினதற்காக என்று நினைத்திருந்தேன். கத்தினது தப்பு. அது அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிட்டது. ஆனால் நீ தடுத்துவிட்டாய், எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

நீ மட்டும் என்னை ஒதுக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு இருந்த இன்னொரு ஆளும் அதே வாரத்தோடு என்னை விட்டுவிட்டார். யார் என்று கேட்காதே.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீயே பார்த்துக் கண்டுபிடித்தால் நான் வாக்கை மீறினதாக ஆகாது. வழி மட்டும் சொல்கிறேன்.

டிரைவர் என்பது கணினிக்கும் கருவிக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற ஆள். கருவியைப் பிடுங்கிவிட்டாலும் அந்த ஆள் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். நீ சாயங்காலம் ஆறரைக்கு வந்து பார்த்திருப்பாய். அப்போது கருவி செருகியிருக்காது. ஆள் இல்லாத நேரத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு, இதற்குச் சொந்தக்காரனே கிடையாது என்று எழுதிவிட்டாய். ஸ்டோர்க்காரி புத்தி.

டிவைஸ் மேனேஜரைத் திற. மேலே வியூ என்று இருக்கும். அதில் மறைந்திருக்கும் கருவிகளையும் காட்டச் சொல். செருகாத கருவிகள் மங்கலாகத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து, அதன் விவரத்தில் டிரைவர் என்ற பகுதிக்குப் போனால் கோப்பின் பெயர் இருக்கும். உன் தாளில் இருக்கும் பெயர் எதில் வருகிறதோ அதுதான் கருவி.

இல்லையென்றால் ஒரு நாள் லீவு போடு. காலை பதினோரு மணிக்கு அத்தான் அறைக்குப் போ. சொல்லாமல் போ.

தம்பி


மார்ச் 19

தம்பி,

இன்றைக்கு லீவு போட்டேன். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இது வந்தவுடன் வேறு எண்ணிலிருந்து எனக்குப் போன் செய்துவிடாதே. உன் குரலை இப்போது கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எழுது.

காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போய், தெருமுனையில் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்பி வந்தேன். சொந்த வீட்டுக்கே திருட்டுத்தனமாக. அறையில் உன் அத்தான் நாற்காலியில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவர் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். கணினி அணைந்திருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை.

நர்ஸிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். அவர் முகம் மாறியது. உன் அத்தானைப் பார்த்து, "சொல்லிடலாமா சார்?" என்று கேட்டார். உன் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தடவை இமைத்தார்.

மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இருந்து நர்ஸ் அதை எடுத்தார். ஒரு சோப்பு டப்பா. அதன் மூடியில் வாசல் மணியின் பொத்தான். வயர் போய்ச் சேர்கிற இடத்தில் ஏதோ விளையாட்டுக் கருவியைப் பிரித்து எடுத்த பச்சை நிறச் சர்க்யூட் அட்டை. திருகாணிப் பயலே, உன் கை வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நர்ஸ் சொன்னார். "தினம் நீங்க போனப்புறம் ஒன்பதரைக்குச் செருகுவேன். கட்டைவிரல் மட்டும் லேசா அசையும், அதுக்கு அடியில வைப்பேன். திரையில எழுத்து வரிசையா மின்னிக்கிட்டே போகும். வேணும்ங்கிற எழுத்து வர்றப்ப சார் அமுக்குவாரு. ஒரு நாளைக்கு நாலு வரி எழுதுவாரு. நீங்க வர்றதுக்குள்ள எடுத்து வச்சிடுவேன். பிழையில்லாம ஒரு பக்கம் எழுதினப்புறம்தான் உங்ககிட்ட காட்டணும்னு சாரோட ஆசை."

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திய மனிதர். அவர் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"அப்புறம்?" என்றேன்.

"போன ஏப்ரல்ல ஒரு நாள் செருகினா திரையில ஒண்ணுமே வரலை. சார் அமுக்கிக்கிட்டே இருந்தாரு. மறுநாளும் வச்சேன். மூணு வாரம் தினம் வச்சேன். ஒண்ணும் வரலை. அம்மாகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். ரெண்டு தடவை இமைச்சுட்டாரு. உங்க வீட்டு விஷயம், நான் மூச்சு விடலை."

தம்பி, அதை நான் நீக்கிவிட்டேன். போன கடிதத்தில் அதை உன்னிடம் மறைத்தேன். உரியவர் இல்லாத சாமான் என்று தாளில் சிவப்புக் கோடு போட்டு, அன்றைக்குச் சாயங்காலமே அழித்தேன். சும்மா அழிக்கவில்லை. உன் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து, "எவன் காதும் இனிமே இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அழித்தேன்.

அவர் இரண்டிரண்டாக இமைத்துக்கொண்டே இருந்தார். இல்லை, இல்லை, இல்லை என்று. எனக்கு இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. விளக்கு கண்ணைக் கூசுகிறது போல என்று நினைத்தேன். எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டு வந்து மீதி வேலையை முடித்தேன்.

இன்றைக்குப் பொத்தானைச் செருகிப் பார்த்தோம். பெயர் தெரியாத கருவி என்று ஒரு மஞ்சள் அடையாளம் மட்டும் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

உறைக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அந்த அட்டைக்கு நானே எழுதிய டிரைவர், கடையில் கிடைக்காது. பொத்தானைச் செருகிவிட்டு, மஞ்சள் அடையாளத்தின் மேல் வலது கிளிக் செய்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லி, இந்தப் பென்டிரைவைக் காட்டு. கணினியை ஒரு தடவை அணைத்துப் போடு. எழுத்துகள் மின்ன ஆரம்பித்தால் சரி.

மற்றதை இப்போது எழுத முடியவில்லை. தபால் கிளம்பும் நேரம்.

தம்பி


மார்ச் 25

அக்கா,

முந்தாநாள் உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று பிறகு தோன்றியது.

உன்னிடம் சொல்லாமல் வைத்தது நான். அத்தான் கேட்டார், நான் தலையாட்டினேன். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடுறேனே" என்று ஒரு தடவை கேட்டேன், அவர் இரண்டு தடவை இமைத்தார். அதோடு விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது பிடித்திருந்தது. உனக்குத் தெரியாமல் அவரும் நானும் மட்டும் பேசிக்கொள்வது. அவர் எழுதுகிறது தானாக என் மெயிலுக்கு வந்துவிடும்படி செய்திருந்தேன். முற்றுப்புள்ளி வைத்தால் அந்த வாக்கியம் கிளம்பிவிடும். காலையில் கிடங்கு வாசலில் நின்று டீ குடிக்கும்போது அத்தானிடமிருந்து ஒரு வரி வரும். "இன்று மழை." "நர்ஸ் சுருதி தப்பிப் பாடுகிறார்." "உன் முந்தைய கடிதத்தில் இரண்டு சந்திப்பிழை." விழுந்து விழுந்து சிரிப்பேன். நான்கு மாதம் அப்படி ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவை இரண்டு வரிகள். அப்படியே எழுதுகிறேன்.

"இனி என்னால் முடியாது என்று அழுகிறாள். என்னை ஓர் இல்லத்தில் சேர்க்க விசாரிக்கிறாள்."

வழக்கத்தைவிட நீளமான வரிகள்; இரண்டாவதை முடித்தபோது சாயங்காலம் ஆகியிருக்கும். நீ வருகிற நேரம், நர்ஸ் கழற்றியிருப்பார். மூன்றாவது வரி மறுநாள் வர வேண்டியது. அவர் எதையும் இரண்டு வரியில் நிறுத்துகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். காத்திருக்கவில்லை. என்னைக் காப்பாற்று என்றுதான் சொல்ல வருகிறார் என்று நானே மீதியை எழுதிக்கொண்டேன். உடனே உனக்குப் போன் போட்டேன். எப்படித் தெரியும் என்று நீ கேட்டபோது, "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு பதில்தான் உன்னை அந்தக் கணினியின் முன்னால் உட்கார வைத்தது.

மறுநாளும் அவர் எழுதியிருக்க முடியும். நீ சாயங்காலம்தானே அழித்தாய்? புதன்கிழமை பகல் முழுக்க அவருக்கு இருந்தது. ஆனால் ஒன்றும் வரவில்லை. நான் கத்தியது உன் போன் ஸ்பீக்கரில் அவர் காதிலும் விழுந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. எனக்கு எழுதியதை நினைத்து வருந்தி, அன்றைக்கு ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பார். வியாழக்கிழமை எழுதலாம் என்று இருந்திருப்பார்.

வியாழக்கிழமையிலிருந்துதான் மூன்று வாரம் அவர் வெறும் பொத்தானை அமுக்கியிருக்கிறார். நான் இங்கே, அத்தானுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நர்ஸுக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். நான் செய்யவில்லை அக்கா.

அந்த மூன்றாவது வரி என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். என்னைத் திட்டுகிற வரியாக இருந்தாலும் சரி.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

பென்டிரைவ் வேலை செய்தது. மஞ்சள் அடையாளம் போய் எழுத்துகள் மின்னின. நர்ஸ் கைதட்டினார். பொத்தானை அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் வைத்தேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அமுக்கவில்லை.

ஒன்பது நாள் அமுக்கவில்லை. விரல் அசைகிறது, போர்வையின் ஓரத்தைச் சுரண்டுவதைப் பார்த்தேன். முன்பு இருந்த பலம் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். இன்னும் சில மாதம் அந்த விரல் இருக்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். போன வருடம் இதே விரல் ஒரு நாளைக்கு நான்கு வரி எழுதியிருக்கிறது. அந்தப் பதினோரு மாதத்தை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

பத்தாவது நாள் அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நர்ஸை வெளியே போகச் சொன்னேன். "நான்தான் அழிச்சேன். உங்க கண்ணு முன்னாலயே அழிச்சேன். நீங்க வேண்டாம் வேண்டாம்னு சொன்னதைப் பாத்துட்டு விளக்கை அணைச்சேன். அது உங்க வாய்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு செய்யலைங்க. திட்டுறதுன்னா இதுல எழுதித் திட்டுங்க. எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன், அழகாக ஒன்றும் இல்லை.

அவர் அமுக்க ஆரம்பித்தார். ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அன்றைக்குப் பாதி, மறுநாள் பாதி. எனக்கு இல்லை, உனக்குத்தான் எழுதினார். இந்நேரம் உன் மெயிலுக்கு வந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன்.

"அவளைத் தடுக்காதே. களைத்துவிட்டாள்."

உனக்கு வர வேண்டிய மூன்றாவது வரி அதுதான். நான்காவதும்.

படித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ ஒட்டுக்கேட்டுவிட்டு அவருக்கு வக்கீலாக வந்திருக்கிறாய், எல்லாம் இவரால்தான் என்று ஒரு வருடம் உன்மேலும் சரி, மனதுக்குள் அவர்மேலும் சரி, எவ்வளவு வன்மம் வைத்திருந்தேன். சோறு ஊட்டும்போது முகத்தைப் பார்க்காமல் ஊட்டியிருக்கிறேன். அவர் எனக்காகத்தான் எழுத ஆரம்பித்திருக்கிறார்.

இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். "போகணுமா?" ஒரு இமைப்பு. "எனக்காகச் சொல்றீங்களா?" இமைக்கவே இல்லை. இப்போது அனுப்பவும் மனசு வரவில்லை, வைத்துப் பார்க்க உடம்பில் தெம்பும் இல்லை. இதை ஒரு வருடத்துக்கு முன்னால் உன்னிடமே சொல்லி அழுதிருக்கலாம். நீ வந்தால் மூன்று பேருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். உன் எண்ணைத் திறந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று அதையும் கேட்டேன். "அது வேலை செய்யலைன்னு நர்ஸ் என்கிட்ட சொல்றேன்னாங்களே, ஏன் வேண்டாம்னீங்க? சொல்லியிருந்தா அன்னிக்கே சரி பண்ணியிருப்பேனே?"

ஏன் என்ற கேள்விக்கு இமைத்துப் பதில் சொல்ல முடியாது. அவர் பொத்தானைப் பார்த்தார். எடுத்து வைத்தேன். பதினொன்றரைக்கு ஆரம்பித்தார். இடையில் இரண்டு தடவை விரல் நின்றுபோனது, தேய்த்துவிட்டேன். தவறான எழுத்து விழுந்தபோதெல்லாம் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார். "விடுங்க, எனக்குப் புரியுது" என்றேன். விடவில்லை. முற்றுப்புள்ளியும் வைத்து முடிக்கும்போது மணி நாலே கால்.

"தெரிந்தால் நீ தாங்கமாட்டாய்."

தெரிந்துவிட்டது, தம்பி. தாங்க முடியவில்லை. சீக்கிரம் வா.

அக்கா